மலைத்தடத்தில் ஆர்.சி. டிரக்: ஏற்றத்தில் மோட்டார் கொதிக்கிறது, இறக்கத்தில் பின்பக்கம் சுழல்கிறது

கோத்தகிரி_மண்தடம்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் சித்தப்பாவின் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி, முன்பு கேரட் போட்டு இப்போது தரிசாகக் கிடக்கும் நிலம் ஒன்று இருக்கிறது. அதில் நண்பர்கள் சேர்ந்து தடம் வெட்டியிருக்கிறோம். சமதளம் என்று பார்த்தால் பாதிகூட இல்லை. ஒரு பக்கம் செங்குத்தான ஏற்றம், மேலே போய் இடது திருப்பம், அங்கிருந்து நேராக இறக்கம், அடியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. செம்மண்ணும் சரளையும் கலந்த தரை, நடுவில் சில்வர் ஓக் வேர்கள்.

வண்டி டிராக்ஸாஸ் ஸ்லாஷ் என்ற ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) டிரக், டூ வீல் டிரைவ், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் தள்ளும். 3500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3500 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 2எஸ் லைப்போ (இரண்டு செல் லித்தியம் பேட்டரி). மோட்டார் தண்டில் உள்ள சிறிய பற்சக்கரம் பினியன் 19 பல், அது சுழற்றும் பெரிய பற்சக்கரம் ஸ்பர் 86 பல். நான்கு ஷாக்கிலும் (அதிர்வு தாங்கி) 30 எடை சிலிக்கான் ஆயில்; எடை என்பது ஆயிலின் தடிப்பு அளவு.

பிரச்சினை மூன்று. ஏற்றத்தில் நாலைந்து சுற்று போனால் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. இறக்கத்தின் அடியில் அந்த வளைவுக்குள் நுழையும்போது பின்பக்கம் சுழன்று வண்டி திரும்பி நின்று விடுகிறது. மூன்றாவதுதான் எனக்குப் புரியாதது: காலையில் வண்டி கட்டை மாதிரி குதிக்கிறது, அதே வண்டி மதியம் நன்றாக ஓடுகிறது. பின் ஸ்பிரிங்கை மாற்றினால் சரியாகுமா? எந்த ஸ்பிரிங் வாங்கலாம்?

குன்னூர்_பினியன்

தம்பி, ஸ்பிரிங்குக்கு இப்போதே காசு போடாதே. நீ சொன்ன மூன்றும் மூன்று தனிக்கதை. முதல் இரண்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தம் குறைவு.

முதலில் சூடு. எத்தனை டிகிரி என்று அளந்தாயா? கை வைத்துப் பார்ப்பது அளவு ஆகாது. 60 டிகிரியைத் தாண்டினாலே கை தாங்காது, ஆனால் 60 டிகிரி பிரஷ்லெஸ் மோட்டாருக்கு ஒன்றுமே இல்லை. 95-ஐத் தொட்டால்தான் உள்ளே காந்தத்துக்குக் கேடு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கை சொல்லாது.

கோத்தகிரி_மண்தடம்

வீட்டில் கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இருக்கிறது அண்ணா. மோட்டார் மேல் காட்டினால் எண்ணே வரவில்லை.

குன்னூர்_பினியன்

வராது. அது உடம்புச் சூட்டுக்கு மட்டும் செய்தது, நாற்பத்துச் சொச்சம் டிகிரிக்கு மேல் படிக்காது. எலக்ட்ரிக்கல் கடையில் தொழிற்சாலை வேலைக்கு விற்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி கேட்டு வாங்கு. ஓட்டி முடித்து நிறுத்திய உடனே, ஒரு கை தூரத்திலிருந்து இல்லாமல் பக்கத்தில் வைத்து, மோட்டாரின் உடம்பில் காட்டு. பளபளக்கும் அலுமினியத்தில் அளவு குறைவாகக் காட்டும். அதனால் காட்டும் இடத்தில் ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொள். 75-க்குள் இருந்தால் நிம்மதி. 80-ஐத் தாண்டினால் பினியனைக் குறைக்க வேண்டும்.

கோவை_பேரிங்

குறுக்கிடுகிறேன். பினியனைக் குறைத்தால் வேகம் போய்விடுமே? இங்கே கீழே சமதளத்தில் நாங்கள் 19-க்கு மேலே போட்டுத்தான் ஓட்டுகிறோம், சூடெல்லாம் ஏறுவதில்லை.

குன்னூர்_பினியன்

கீழே சரி. இங்கே கணக்கு வேறு, போட்டுப் பார்க்கலாம்.

ஸ்லாஷ் டூ வீல் டிரைவின் கியர்பாக்ஸ் உள்விகிதம் 2.72. ஸ்பரைப் பினியனால் வகுத்து, 2.72-ஆல் பெருக்கினால் மொத்த விகிதம். 86-க்கு 19 என்றால் 12.31. அதாவது மோட்டார் 12.31 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பினியன் 17 போட்டால் 13.76. 16 போட்டால் 14.62.

வேகத்தில் என்ன போகும்? 3500 கேவி மோட்டார், 7.4 வோல்ட், டயர் விட்டம் சுமார் 110 மில்லிமீட்டர் என்று வைத்தால், இழப்பு எதையும் கழிக்காமல் 19 பினியனுக்கு மணிக்கு சுமார் 44 கிலோமீட்டர், 17-க்கு 39, 16-க்கு 37 வருகிறது. இந்தத் தம்பியின் தடத்தில் 44-ஐ எங்கே போய்த் தொடுவது? நேர்தடமே இறக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே முழு திராட்டில் (வேகம் கூட்டும் விசை) யாரும் கொடுப்பதில்லை. வராத வேகத்துக்காக மோட்டாரைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஏற்றம். வண்டி பேட்டரியோடு 2.6 கிலோ என்று வைத்துக்கொள். ஐந்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஏற, சமதளத்துக்குத் தேவையானதற்கு மேல் 30 வாட் கூடுதலாக வேண்டும். மோட்டார், கியர் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 40 வாட்டுக்கு மேல். ஒரு சுற்றில் சில நொடி என்றால் பரவாயில்லை. பெரிய பினியனோடு, மோட்டார் சுற்று இறங்கி இழுத்துக்கொண்டே ஏறினால் ஆம்பியர் எகிறும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சுருளில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு. சின்னப் பினியன் போட்டால் மோட்டார் வேகமாகச் சுற்றும், ஆம்பியர் குறையும், சூடு இறங்கும்.

நம் மலை ரயிலை யோசித்துப் பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சுமார் 12 அடிக்கு ஓரடி ஏற்றம், அதற்கே பல்சக்கரப் பாதை போட்டு, அதைச் சுற்றத் தனி சிலிண்டர் வைத்திருக்கிறான். நாம் ஓட்டும் சரிவு அதைவிடச் செங்குத்து.

ஊட்டி_மூடுபனி

இன்னொன்று சேர்க்கிறேன். மலைக்காற்று குளிர்ச்சியாக இருக்கிறதே, மோட்டார் தானே ஆறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காற்று குளிர்தான், ஆனால் அடர்த்தி குறைவு. ஊட்டி 2240 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். கோத்தகிரியில் ஐந்தில் நான்கு பங்கு. மோட்டார் விசிறி தள்ளும் காற்றின் எடையும் அதே கணக்கில் குறையும். குளிர் கொடுப்பதில் ஒரு பகுதியை உயரம் பிடுங்கிக்கொள்கிறது. மதிய வெயிலில் 22, 23 டிகிரி இருக்கும்போது ஓட்டினால் கீழே ஓட்டுவதைவிட வசதி ஒன்றும் பெரிதாக இல்லை.

கோவை_பேரிங்

சரி, கணக்கு ஒத்துக்கொள்கிறேன். 3எஸ் போட்டால்? வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையுமே?

குன்னூர்_பினியன்

அதே வேலையைச் செய்தால் குறையும். ஆனால் விரல் அதே வேலையோடு நிற்காது. 3எஸ் போட்டால் சுற்று கூடும், வேகம் கூடும், மண்ணில் சக்கரம் வெறுமனே சுழலும். 3எஸ் போட வேண்டுமென்றால் பினியனை இன்னும் இறக்க வேண்டும். பழகுகிற தடத்துக்கு 2எஸ் போதும்.

தம்பி, பினியன் மாற்றும்போது மெஷ் (பல்லோடு பல் பொருந்தும் இடைவெளி) பார்க்கத் தெரியுமா? நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்று கிழித்து, பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்குரூ இறுக்கு. பிறகு ஸ்பரைச் சுற்றித் தாளை எடு. தாளில் பல்லின் மடிப்பு வரிசையாக விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. கிழிந்தால் மெஷ் இறுக்கம். ஸ்பரை ஒரு முழுச் சுற்று சுற்றி நாலைந்து இடத்தில் ஆட்டிப் பார், பிளாஸ்டிக் ஸ்பர் எல்லாம் துல்லிய வட்டமாக இருக்காது. இறுக்கமான இடத்திலும் துளி ஆட்டம் இருக்க வேண்டும். ஸ்பர் 48 பிட்ச் (பல்லின் அளவு) என்றால் பினியனும் 48 பிட்ச்தான். 32 பிட்ச் பினியனைப் போட்டால் பத்தே நிமிடத்தில் ஸ்பர் மொட்டை.

அப்புறம் ஸ்லிப்பர், அதாவது அடி விழும்போது வழுக்கி கியரைக் காக்கும் கிளட்ச். நட்டை முழுக்க இறுக்கிவிட்டு, அரைச் சுற்று பின்னால் விடு. தரையில் வைத்து, நின்ற இடத்திலிருந்து முழு திராட்டில் கொடு. முதல் இரண்டு மூன்று அடிக்கு ஸ்லிப்பர் வழுக்கும் சத்தம் மெல்லக் கேட்டு நின்றால் சரி. சத்தமே இல்லாவிட்டால் குதித்து இறங்கும் அடி முழுவதையும் கியர் வாங்கும். பத்தடி வரை கேட்டால் ஏற்றத்தில் ஸ்லிப்பர் பேட் எரியும், அந்தச் சூடு ஸ்பரையே உருக்கும். சமதளத்தில் சரியாக இருந்த ஸ்லிப்பர் ஏற்றத்தில் வழுக்கலாம். அதனால் சோதனையை ஏற்றத்தின் அடியில் வைத்துச் செய்.

ஊட்டி_மூடுபனி

இரண்டாவது பிரச்சினைக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆர்வம். இறக்கத்தில் சுழல்வதைப் பத்தில் ஒன்பது பேர் பின் சஸ்பென்ஷன் கோளாறு என்று நினைக்கிறார்கள். பிரேக்கைப் பாருங்கள்.

டூ வீல் டிரைவ் ஆர்.சி. வண்டியில் பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான், ஏனென்றால் பிரேக் பிடிப்பது மோட்டார். இறக்கத்தில் எடை ஏற்கனவே முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. பிரேக் பிடித்தால் இன்னும் முன்னால் போகிறது. பின் சக்கரத்தின் மேல் எடையே இல்லாத நேரம் பார்த்து அதையே பூட்டுகிறோம். பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி கிடையாது. அதோடு ஸ்டியரிங்கையும் திருப்பினால் பின்பக்கம் முன்னால் வரத்தான் செய்யும். நிஜ வண்டியில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்தால் நடப்பது இதேதான்.

செய்ய வேண்டியது: ரிமோட்டில் பிரேக் அளவை 100-லிருந்து 60-க்கு இறக்குங்கள், அங்கிருந்து ஐந்தைந்தாகக் கூட்டிப் பாருங்கள். இஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) டிராக் பிரேக் இருந்தால் பூஜ்ஜியம். திராட்டிலை விட்ட மாத்திரத்தில் வண்டி தானாக இழுத்துப் பிடிப்பது அதனால்தான். பிறகு ஓட்டும் முறை: பிரேக் நேர்தடத்தில், சக்கரம் நேராக இருக்கும்போதே. வளைவுக்குள் போனதும் பிரேக்கை விட்டு, மிக லேசாகத் திராட்டில் கொடுத்து எடையைப் பின்னால் வாங்க வேண்டும்.

இதெல்லாம் செய்த பிறகும் சுழன்றால் முன் ஸ்பிரிங்கை ஒரு படி கடினமாக்கலாம், மூக்கு குத்துவது குறையும்.

பூம்பாறை_பூண்டு

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து எழுதுகிறேன். பூண்டு அறுவடை முடிந்த படிக்கட்டு வயலில் என் மகனும் நானும் ஓட்டுகிறோம். தம்பி கேட்ட மூன்றாவது கேள்விக்கு, காலைக் கட்டைக்கு, என் அனுபவம் சொல்கிறேன்.

காரணம் ஆயில். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் மாதிரி சிலிக்கான் ஆயில் உறையாது. ஆனால் குளிரில் தடிக்கும். 30 எடை என்பது 25 டிகிரியில் சுமார் 350 சென்டிஸ்டோக் (தடிப்பை அளக்கும் அலகு). அது 10 டிகிரியில் ஏறக்குறைய 490 ஆகிவிடும். 40 எடை ஆயிலின் அளவு 500. அதாவது நீங்கள் 30 ஊற்றினாலும் காலை ஏழு மணிக்கு வண்டியில் இருப்பது 40. பனி உறையும் டிசம்பர், ஜனவரியில் இன்னும் மேலே போகும்.

வேர், கல் உள்ள தரையில் இது நேரடியாகத் தெரியும். பிஸ்டன் ஓட்டை வழியாகத் தடித்த ஆயில் வேகமாகப் போக முடியாது. கூர்மையான அடி வரும்போது ஷாக் பூட்டிக்கொள்ளும், சக்கரம் கல்லில் ஏறுவதற்குப் பதிலாக வண்டி முழுவதும் தூக்கும். அதைத்தான் தம்பி குதிக்கிறது என்கிறார்.

என் வழி இது: காலையில் ஓட்டுவதற்கென்று 25 எடை ஊற்றிய ஒரு செட் ஷாக், மதியத்துக்கு 30 எடை ஒரு செட். செட் இரண்டு வாங்க முடியாதவர்கள் ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் வந்ததும் செட்டிங் செய்யுங்கள். காலையில் செய்த செட்டிங் மதியம் பொய்யாகிவிடும்.

கோத்தகிரி_மண்தடம்

அக்கா, இது யாருமே சொல்லாத விஷயம். ஷாக்கைக் கோவையில் ஒரு கடையில் ஆயில் மாற்றிக் கொண்டுவந்தேன். மேலே வந்ததும் அழுத்தி விட்டால் ராடு (ஷாக்கின் தண்டு) தானாக வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. அதற்கும் குளிர்தான் காரணமா?

பூம்பாறை_பூண்டு

அதில் குளிரைவிட உயரத்துக்குப் பங்கு உண்டு. ஷாக்குக்குள் கொஞ்சம் காற்று எப்போதும் மாட்டிக்கொள்ளும். கீழே மூடும்போது உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம். மலை ஏறியதும் வெளி அழுத்தம் குறைகிறது, உள்ளே இருப்பது ராடை வெளியே தள்ளும். விசை சிறியதுதான். ஆனால் நான்கிலும் ஒரே மாதிரி காற்று மாட்டியிருக்காது, இடது வலது வித்தியாசம் வந்துவிடும்.

மூடியை இங்கேயே திறந்து மறுபடி மூடுங்கள். ஆயிலை விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே வரை ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். குமிழி வரும். வேகமாக ஆட்டினால் குமிழி பொடிப்பொடியாகி ஆயிலிலேயே தங்கும். அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். குளிரில் குமிழி ஏறத் தாமதமாகும், அவசரப்படக் கூடாது. எல்லாம் மேலே வந்த பிறகு ராடைப் பாதி வெளியே வைத்து மூடியைப் போட்டு, கசிகிற ஆயிலைத் துடைத்துவிடுங்கள். இரண்டு முன் ஷாக்கையும் முனையோடு முனை வைத்து அழுத்தினால் இரண்டும் ஒரே அளவு உள்ளே போக வேண்டும். ஒன்று முந்தினால் மறுபடி திறக்க வேண்டியதுதான்.

கொடை_நைட்ரோ

நைட்ரோ வண்டி (எரிபொருள் எஞ்சினில் ஓடுவது) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. காற்று மெலிதான இடத்தில் எரிபொருளை அளந்து விடும் ஊசி (நீடில்) அதே நிலையில் இருந்தால் எரிபொருள் அதிகமாகிவிடும், புகை கக்கி மந்தமாக ஓடும். மெயின் நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்ப வேண்டும். திரும்பக் கீழே கொண்டுபோகும்போது மறக்காமல் வெளியே திருப்புங்கள், இல்லையென்றால் எரிபொருள் பற்றாமல் எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துவிடும். எவ்வளவு திருப்பினாலும் கீழே இருந்த சக்தி முழுதாக வராது. எலக்ட்ரிக்கில் அந்தக் குறை இல்லை.

கோவை_பேரிங்

எலக்ட்ரிக்கில் பேட்டரிக்குக் குளிர் ஆகாதே.

ஊட்டி_மூடுபனி

ஆமாம். குளிர்ந்த லைப்போவில் உள் எதிர்ப்பு கூடும், திராட்டில் கொடுத்ததும் வோல்ட் தொய்ந்து இஎஸ்சி சீக்கிரமே வேகத்தை வெட்டிவிடும். ஓட்டும் வரை ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள், அவ்வளவுதான். சார்ஜ் வீட்டுக்குள் மட்டும், பேட்டரி அறையின் சூட்டுக்கு வந்த பிறகு, ஆள் பக்கத்தில் இருக்கும்போது.

கொடை_நைட்ரோ

டிஃப், அதாவது வளைவில் இரண்டு பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரப் பெட்டி, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. சரளை ஏற்றத்தில் ஒரு பின் சக்கரம் மட்டும் சுழன்று வண்டி நிற்கும். டிஃபில் 10,000 சென்டிஸ்டோக் ஆயில் ஊற்றிவிட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளும். நான் எல்லாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

ஊட்டி_மூடுபனி

இதில் எனக்கு உடன்பாடில்லை. 10,000 ஊற்றினால் ஏற்றம் ஏறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தம்பிக்கு அடியில் கொண்டை ஊசி இருக்கிறது. பின் டிஃப் இறுகினால் வளைவுக்குள் நுழையும்போது வண்டி நேராகவே போகப் பார்க்கும், பிறகு திராட்டில் கொடுத்ததும் இரண்டு பின் சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிவிட்டு டப்பென்று சுழலும். அதோடு அக்கா ஷாக்குக்குச் சொன்ன குளிர்க் கணக்கு டிஃபுக்கும் உண்டு. காலையில் 10,000 என்பது 14,000-க்குப் பக்கம். 5,000-இல் தொடங்குவது நல்லது, ஏற்றத்தில் ஒற்றைச் சக்கரம் சுழன்றால் 7,000.

கொடை_நைட்ரோ

எங்கள் தடத்தில் கொண்டை ஊசி கிடையாது, அகலமான வளைவுகள்தான். அதனால் எனக்கு ஒத்துவருகிறது என்று நினைக்கிறேன். அவருக்கு 5,000-இல் தொடங்குவது சரிதான்.

கோத்தகிரி_மண்தடம்

எல்லாரும் சொன்னதை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தேன், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றவில்லை. வெப்பமானி வாங்கி அளந்ததில் பழைய 19 பினியனுக்கு 96 டிகிரி. 17 போட்டதும் 83. 16-இல் 74. சுற்று நேரம் கூடவில்லை, ஏற்றத்தில் முன்பைவிடச் சீக்கிரமே மேலே போகிறது.

பிரேக் 65-இல் நிற்கிறது. சுழல்வது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஷாக்கில் 25 எடை ஊற்றி இங்கேயே மூடினேன், காலையிலும் வேரின் மேல் சக்கரம் ஒட்டிக்கொண்டு போகிறது.

புதிதாக இரண்டு கேள்வி. மழை நாளில் டயருக்குள் தண்ணீர் புகுந்து வண்டி கனத்துவிடுகிறது. இன்னொன்று, ஏற்றத்தின் உச்சியில் இடது திருப்பத்தில் முன் சக்கரம் திரும்புகிறது, வண்டி திரும்பவில்லை.

கோவை_பேரிங்

தண்ணீருக்கு: ரிம்மில் உள்ள காற்று ஓட்டையைத் துணி டேப்பால் ஒட்டி மூடு. டயரின் நடுப்பட்டையில், எதிரெதிராக இரண்டு சிறு துளை போடு. சுற்றும்போது தண்ணீர் அந்த வழியாக வெளியே தெறித்துவிடும். மொத்தமாக மூடிவிடாதே, டயர் அமுங்கி விரிய வழி வேண்டும்.

மழையில் ஓட்டினால் பேரிங்குக்கு ஆயுசு கம்மி. செம்மண் சகதி காய்ந்தால் அரத்தூள்தான். ஸ்லாஷின் சக்கர பேரிங் 5க்கு 11க்கு 4 மில்லிமீட்டர், கடையில் எம்.ஆர். 115 என்று கேட்டால் எந்த நல்ல பேரிங் கடையிலும் எடுத்துத் தருவார்கள், ஆர்.சி. கடைதான் வேண்டும் என்றில்லை. ரப்பர் மூடி போட்டதாகக் கேள். மலையில் கிடைக்காவிட்டால் கோவைக்கு வருகிற யாரிடமாவது சொல்லி அனுப்பு.

குன்னூர்_பினியன்

உச்சித் திருப்பம். ஏறிக்கொண்டே திராட்டில் கொடுக்கும்போது எடை முழுவதும் பின்னால், முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. திருப்பி என்ன பயன்? பேட்டரியை முன்னால் நகர்த்தலாம் என்று தோன்றும். நகர்த்தினால் இறக்கத்தில் சுழல்வது திரும்பி வரும், அதைத் தொட வேண்டாம்.

முதலில் ரைடு ஹைட் (வண்டி தரையிலிருந்து நிற்கும் உயரம்) பார். பேட்டரி, பாடி எல்லாம் போட்டு, ஓரடி உயரத்திலிருந்து சமதளத்தில் விடு. வண்டி அடங்கி நிற்கும்போது முன் ஆர்ம், பின் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கைகள்) இரண்டும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் காலரைத் திருப்பிச் சரிசெய். சரியாக இருந்தும் முன்பக்கம் மிதந்தால், டிரூப்பை, அதாவது சக்கரம் கீழே தொங்கும் அளவை, குறைக்கலாம். முன் ஷாக்கைத் திறந்து, பிஸ்டனுக்குக் கீழே ராடில் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு குழாய்த் துண்டு ஒன்றைக் கோர்த்துவிடு. ஷாக் அந்த அளவுக்கு மேல் நீளாது, திராட்டில் கொடுத்தால் மூக்கு அவ்வளவாகத் தூக்காது, ஸ்டியரிங் கேட்கும். இடது வலது இரண்டிலும் ஒரே நீளம், வெர்னியரால் அளந்து வெட்டு. 2-க்கு மேல் வேண்டாம். வேர் உள்ள தரையில் சக்கரம் கீழே தொங்கிக் குழியைத் தொடவும் இடம் வேண்டும்.

ஊட்டி_மூடுபனி

திருப்பத்துக்கு ஒரு வண்டி நீளம் முன்பே திராட்டிலைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். மூக்கு இறங்கும், அந்த நொடியில் திருப்ப வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள், தடம் தேடும் எல்லாருக்கும். சொந்த நிலம், அல்லது உரிமையாளர் சம்மதித்த நிலம். சோலைக்காட்டு ஓரம், புல்வெளி, வனத்துறை எல்லைக்குள் வேண்டவே வேண்டாம். மாலை ஐந்துக்குமேல் தோட்டத்திலும் ஓட்டாதீர்கள். காட்டெருமை தேயிலைக்குள் இறங்கும் நேரம், மோட்டார் சத்தத்துக்கு அது மிரண்டால் ஓட இடமிருக்காது.

கோத்தகிரி_மண்தடம்

எங்கள் பக்கமும் காட்டெருமை வருகிறது, நாலரைக்கே நிறுத்திவிடுகிறோம். முன் ஷாக்குக்குக் குழாய்த் துண்டு எதில் வெட்டலாம் அண்ணா? எரிபொருள் குழாய் ஆகுமா?

குன்னூர்_பினியன்

சிலிக்கான் எரிபொருள் குழாய் ஆகும், கொஞ்சம் அமுங்கும் என்பதால் அடி மெத்தென்று வாங்கும். நெகிழாத அளவு வேண்டுமென்றால் நைலான் வாஷர் இரண்டை அடுக்கு. ராடு 3 மில்லிமீட்டரா 3.5-ஆ என்று அளந்து, அதில் தாராளமாக நகரும் ஓட்டை உள்ளதாக வாங்கு. இறுக்கமாக ஏறினால் ராடில் கீறல் விழும், அடுத்த வாரமே சீல் கசியும்.